கோடாலி சாய்த்து வைத்த மரம்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் காபிக்கும் பத்து மணிக் கூட்டத்துக்கும் நடுவில், என் கணினித் திரையில் என் ஊர் வந்து நின்றது. நான் தேடிப் போகவில்லை. பிரேசில், பெரு, எத்தியோப்பியா என்று அன்றைக்கு வரிசையில் இருந்த கோப்புகளுக்கு நடுவே அதுவாகவே வந்தது.

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் 'காபிக் கம்பெனியில இருக்கேன்' என்று முடித்துக்கொள்கிறேன். உங்களுக்கு முழுதாகவே சொல்கிறேன். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் என்று ஒரு துறைமுக நகரம். ஐரோப்பாவுக்கு வரும் காபிக்கொட்டையில் ஒரு பெரிய பங்கு மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்குகிறது. மழைக்காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காபியை ஐரோப்பாவுக்குள் விடக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். சட்டம் வந்துவிட்டது என்பார்கள், தள்ளிப்போட்டாயிற்று என்பார்கள், மறுபடி வருகிறது என்பார்கள். நம் ஊர் பஸ் வருகிற லட்சணம்தான். ஆனாலும் கம்பெனிகள் முன்னெச்சரிக்கையாக என் போன்றவர்களை உட்கார வைத்திருக்கின்றன. விவசாயி தன் நிலத்தைச் சுற்றி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் திரையில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் மரங்கள் இருந்தனவா, எப்போது போயின என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்துச் சொல்வது என் வேலை. பச்சை என்றால் காபி கப்பலேறும். சிவப்பு என்றால் ஏறாது.

அன்றைக்கு வந்த கோப்பில் பதினொரு பேருடைய நிலங்கள் இருந்தன. தமிழ்நாடு, நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை, தேவனூர் நாடு. ஏழாவது பெயர் வெள்ளையன், தந்தை பெயர் சடையன். என் கூடப்பிறந்த அண்ணன். குழுவாகச் சேர்ந்து காபியை வெளிநாட்டுக்கு விற்கப்போவதாக அண்ணன் சொல்லியிருந்தார்தான். அது உலகமெல்லாம் சுற்றி என் மேசைக்கே வரும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குச்சிக்கிழங்குக் காடுகள், மரவள்ளி வயல்கள்தான், பழுப்பாகத் தெரிந்தன. மிளகு ஏற்றுவதற்காக நட்ட சில்வர் ஓக் வரிசைகள் சாம்பல் பச்சையாக, சீப்பு வாரிய தலை போல் இருந்தன. நடுவில் வெள்ளை நூலாக ரோடு. அப்புறம், சும்மா இருக்காமல், வருடங்களைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன்.

அதைச் செய்திருக்க வேண்டாம். தகரக் கூரைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஓக் வரிசைகள் போயின. கிழங்குக் காடுகள் சுருங்கின. இரண்டு பக்கத்திலிருந்தும் அடர்ந்த பச்சை நெருங்கி வந்து மூடியது. ரோடு நுனியிலிருந்து உள்ளிழுத்துக்கொண்டே போய், கடைசியில் பச்சைக்கு நடுவே வெள்ளையாக ஒரே ஒரு புள்ளி மிஞ்சியது. இன்னும் ஒரு படம் பின்னால் போனேன். அந்தப் புள்ளியும் இல்லை.

அத்தனை வருடப் படங்களில் பாதி மழைக்காலத்தில் எடுத்தவை. மலை முழுக்க மேகம். ஆனால் எந்தப் படத்தை எடுத்தாலும் அந்தப் புள்ளிக்கு மேல் மட்டும் மேகம் விலகியிருந்தது. தற்செயல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். அந்தப் புள்ளி எது என்று எனக்குத் தெரியும். அதை வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

2

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வரவேற்பறைத் தரை முழுக்க அமேசான் காடு கிடந்தது. என் மகள் இனியா, பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடத்துக்காகப் பெரிய அட்டையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மழைக்காடுகள் ஏன் அழிகின்றன என்பது தலைப்பு. வரிசையாகக் காரணங்களை எழுதியிருந்தாள்: மாட்டுப் பண்ணை, சோயா, பாமாயில், மர வியாபாரம், சாலை, சுரங்கம். நடுவில் ஒரு ஆள் கையில் மரம் அறுக்கும் மெஷினோடு நின்றான். கண்ணுக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருந்தாள்.

"யாருடி இது?"

"வில்லன்" என்றாள். அவளுக்கு வரும் தமிழ்ச் சொற்களில் பாதி சினிமாவிலிருந்து வந்தவை. மீதி என்னிடம் திட்டு வாங்கி வந்தவை. அவள் கோபித்துக்கொள்வது, கனவில் பிதற்றுவது எல்லாம் இங்கத்திய பாஷையில்தான். நான் தமிழில் கேட்டால் அவள் டச்சில் பதில் சொல்கிற வழக்கம் இரண்டு வருடமாக ஆரம்பித்திருக்கிறது. அன்றைக்கு என்னவோ தமிழிலேயே பேசினாள்.

"உங்க ஊர்லயும் காடு இருந்துச்சுன்னு சொன்னியே, அத யாரு வெட்டினா?"

"ஊர்க்காரங்கதான்."

"கெட்டவங்களா?"

"சேச்சே. எல்லாம் நம்ம மாமா, சித்தப்பாங்கதான்."

"அப்ப ஏன் வெட்டினாங்க?"

பெருமூச்சு விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து சொன்னேன். எங்கள் மலை அமேசான் கணக்கில் வராது, சின்ன மலை. ஆனால் கதை ஒன்றுதான். ரோடு வந்தது. ரோட்டில் லாரி வந்தது. லாரி வந்ததால் சாமையும் ராகியும் போய்க் குச்சிக்கிழங்கு வந்தது. கிழங்கு கீழே சமவெளியில் ஜவ்வரிசி மில்லுக்குப் போனது. கிழங்கு மண்ணைச் சப்பி எடுத்துவிடும், அதனால் புது மண் தேவைப்பட்டது, கொஞ்சம் கொஞ்சமாகக் காடு உள்ளே போனது. அப்புறம் மிளகுக்கு நல்ல விலை வந்தது. மிளகுக்கு நெட்டையாக வளரும் மரம் வேண்டும், பழைய மரமெல்லாம் போய் சில்வர் ஓக் வந்தது.

இனியா பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "மா, நீ சொல்றதுல ஆளே இல்லயே" என்றாள். "எல்லாம் வந்துச்சு, போச்சுன்னு சொல்ற. நான் யார வரையறது?"

எனக்குச் சுருக்கென்றது. தோசைக்கு மாவு எடுக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். அவளும் விட்டுவிட்டாள். சிவப்புக் கண் ஆளுக்குத் தொப்பி வரைய ஆரம்பித்தாள்.

3

எங்கள் ஊரில் பெரிய மரத்தை வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. மலையின் மற்ற நாட்டு ஊர்களில் உண்டா என்று எனக்குத் தெரியாது, எங்கள் ஊரில் இருந்தது. வெட்டுவதற்கு முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் நிலத்துக்காரர் கோடாலியைக் கொண்டுபோய் மரத்தின் மேல் சாய்த்து வைப்பார். வாய் மேலே, காம்பு தரையில். பக்கத்தில் இலையில் ஒரு கைப்பிடி சாமை. அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. காலையில் கோடாலி நின்றால் மரம் சம்மதித்துவிட்டது, அதில் குடியிருந்தது எதுவோ அது கிளம்பிவிட்டது என்று அர்த்தம். விழுந்து கிடந்தால் மரம் மாட்டேன் என்கிறது. அந்த வருடம் அதைத் தொடமாட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி கேட்பார்கள். எனக்குத் தெரிந்தே எட்டு வருடம் மாட்டேன் என்ற பலாமரம் ஒன்று இருந்தது. ஒன்பதாம் வருடம் அதைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

எங்கள் நிலம் காட்டின் வாய்க்கு நேராக இருந்தது. எல்லையில் ஒரு நாவல் மரம். நான்கு பேர் கை கோத்தால்தான் கட்ட முடியும். அதன் வேரடியில் சுனை. அந்த மரத்துக்குப் பின்னால் காட்டுக்குள் யாரும் காரணமில்லாமல் போகமாட்டார்கள். எனக்குப் பதினெட்டு வயதானபோது ஊர் வரைக்கும் ரோடு போட்டுத் தருவதாகப் பேச்சு வந்தது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. மரம் நடுவில் நின்றது. அது போனால்தான் ரோடு.

எனக்கு அந்த ரோடு வேண்டியிருந்தது. இதை இன்றைக்கு எப்படிச் சொன்னாலும் சப்பைக்கட்டாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ப்ளஸ் டூ முடித்திருந்தேன். நாமக்கல்லில் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. "சோளக்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காட்டு வழியா நடந்து போயிப் பஸ் ஏறோணும்னா பொட்டப்புள்ளய அனுப்ப மாட்டேன். ஊருக்குப் பஸ் வரட்டும், போ" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அந்த வழியில் பகலிலேயே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்பா கோடாலி வைத்த மறுநாள் விடிகாலை, குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போனேன். போகக்கூடாது என்று தெரியும். தண்ணீர் இல்லை என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். மஞ்சு இறங்கி மரத்தின் பாதி உடம்பு தெரியவில்லை. சில்வண்டுகள் காது வலிக்கக் கத்திக்கொண்டிருந்தன. கோடாலி கீழே கிடந்தது. சுற்றிலும் புல்லெல்லாம் பனியில் நனைந்திருக்க, அது கிடந்த இடத்தில் மட்டும் புல் காய்ந்திருந்தது. இலையில் சாமை இல்லை. அணில் தின்றிருக்கும்.

குடத்தை இறக்கி வைத்தேன். கோடாலியைத் தொட்டேன். அந்தக் கணம் சில்வண்டுகள் அத்தனையும் ஒன்றாக நின்றுவிட்டன. விட்டு விட்டு அடங்குவது தெரியும், இது அப்படியில்லை. வாயைப் பொத்தினாற்போல. காம்பு ஈரமாக இருந்தது, கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருந்தது. எடுத்து மரத்தில் சாய்த்தேன். வழுக்காமல் இருக்கக் காம்புக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தேன். இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன். நின்றது. தண்ணீர் எடுக்காமலே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர்க்காரர்கள் வருவதற்கு முன்னால் அப்பா தனியாகப் போய்ச் சூடம் ஏற்றினார். "நிக்குது, வாங்க" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். ஆண்கள் எல்லோரும் போனார்கள். மதியம் வரை வெட்டும் சத்தம் கேட்டது. மரம் விழுந்த சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் வீட்டுக்குள் காற்று வந்தது. அந்த வீட்டில் அதுவரை நேர்க்காற்று வந்ததே இல்லை. மாடத்தில் இருந்த விளக்கு அணைந்தது. அம்மா ஏற்றினாள், அணைந்தது. மூன்றாம் முறை ஏற்றாமல் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

ரோடு வந்தது. நான் காலேஜ் போனேன். மூன்றாம் கோடையில் சுனை வற்றியது.

பயமுறுத்துவது இது எதுவுமில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கோடாலி விழுந்ததே இல்லை. ஆடிக் காற்றில் கூரை ஓடு பறக்கும், கோடாலி அசையாமல் நிற்கும். எந்த மரத்தில் வைத்தாலும் காலையில் வைத்தது வைத்தபடி நிற்கும். ஒரே வருடத்தில் பத்து மரம், அடுத்த வருடம் ஒரு சரிவு முழுக்க. "சாமியே வழி உட்டுருச்சுங்க" என்று ஊரில் சந்தோஷப்பட்டார்கள். எட்டு வருடம் மாட்டேன் என்ற பலாமரமும், மறுபடி கேட்டதும், சம்மதித்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் மலை கொஞ்சம் கொஞ்சமாக மொட்டையாவதைப் பார்த்தேன். எல்லோரும் முறைப்படி கேட்டு, அனுமதி வாங்கித்தான் வெட்டினார்கள். சில வருடங்களில் கேட்பதும் நின்றுபோனது. மாட்டேன் என்று எதுவுமே சொல்லாதபோது எதற்குக் கேட்பது?

4

இங்கே ஆபீசில் ஒரு விதி உண்டு. கோப்பில் சொந்தக்காரர் இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மனசுக்குள் பெரிய நிம்மதியோடு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். இந்தக் கோப்பை வேறு யாராவது பார்க்கட்டும் என்று இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் கணவர் பெயர் இருக்கிறது. அண்ணனுக்கு அந்த இடத்தில் அப்பா பெயர். எனக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் வெறும் இனிஷியலாக, ஒரே எழுத்தாக நிற்கிறது. ஆகவே இரண்டு பேருக்கும் உறவு இருப்பதாக ஆவணங்களில் தெரியவில்லை, தாங்கள் வேலையைத் தொடரலாம் என்று நன்றியோடு முடித்திருந்தார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்று என் மேலாளர் மார்லீனிடம் விளக்கினேன். நல்ல பெண்மணி. "அப்படியானால் நீங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

வேறு வழியில்லாமல் கோப்பைத் திறந்தேன். பத்து நிலங்கள் பச்சை. அண்ணன் நிலத்தின் மேற்கு ஓரத்தில் மட்டும் ஒரு நீளமான சிவப்புக் கீற்று. சட்டம் சொல்லும் கெடு வருடத்துக்குப் பிறகு அங்கே மரங்கள் போயிருந்தன. காட்டில் மிச்சமிருந்த கடைசி ஓரம் அது.

சனிக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த மேக்கால ஓரமா? ஆமா கண்ணு, ஒரு அஞ்சாறு மரம் எடுத்தோம். காபிக்கு வெயிலு பத்தல. என்ன இப்போ?"

"அது உங்க கோட்டுக்குள்ள வருதுங்கண்ணா. அதனால சிவப்புக் காட்டுது."

"அவ்வளவுதானே. நீதான பாக்கறே? கோட்ட ஒரு பத்தடி இந்தப்பக்கம் நவுத்திப் போடு. அந்த ஓரத்துல காபி ஒண்ணும் பெருசா இல்ல."

"என்னங்கண்ணா இப்படிச் சொல்றீங்க."

"பின்ன எப்படிச் சொல்றது? பதினோரு ஊட்டுக் காபியும் ஒண்ணாக் கலந்து மூட்ட புடிச்சாச்சு. என்னோடது போச்சுன்னா எல்லாருதும் போச்சு. வேண்டா வேண்டான்னவங்கள நாந்தான் இழுத்து உள்ள உட்டேன். இனி ஊருக்குள்ள நான் தல காட்ட முடியுமா, நீயே சொல்லு சாமி."

அவர் சொன்னது அநியாயமான வேண்டுகோள் இல்லை. மரத்தடியில் ஃபோன் சிக்னல் தடுமாறி, கோடு பத்தடி தள்ளி விழுவது சகஜம். தினமும் அப்படிப்பட்ட கோடுகளைத் திருத்துகிறோம். அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. நான் திருத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். அண்ணன் மானமும் பதினொரு வீட்டு உழைப்பும் காப்பாற்றப்படும். இது ஒன்றுக்காவது நான் அந்த ஊருக்குப் பயன்பட்டேன் என்று ஆகும்.

5

திங்கட்கிழமை கோட்டின் நுனியைச் சுட்டியால் பிடித்தேன். பத்தடி என்பது திரையில் ஒரு சோற்றுப் பருக்கை அளவு. இழுத்தேன். சிவப்புக் கீற்று கோட்டுக்கு வெளியே போனது. மேலே இருந்த பெட்டி பச்சையாக மாறியது.

எங்கள் தளத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். எந்நேரமும் தட்டச்சுச் சத்தம், காபி மெஷின் சத்தம், யாராவது சிரிக்கும் சத்தம். அந்தக் கணம் அது எல்லாம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் அவரவர் வேலையில்தான் இருந்தார்கள், விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. எனக்குத்தான் எதுவும் கேட்கவில்லை. என் உள்ளங்கையில் ஈரமாக, வெதுவெதுப்பாக ஒன்று இருப்பது போலத் தோன்றியது. சுட்டியை விட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைப்பது போல் கால்சட்டையில் துடைத்தேன்.

இருபத்தாறு வருடம் கழித்து, கடல் தாண்டி வந்து, ஹீட்டர் போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு, நான் மறுபடியும் அதையே செய்துகொண்டிருந்தேன். விழுந்து கிடப்பதை எடுத்து நிறுத்தி வைத்துவிட்டு, நிற்கிறது வாங்க என்று சொல்லப்போகிறேன். அன்றைக்காவது வயது பதினெட்டு.

கோட்டை இழுத்து முதலில் இருந்த இடத்திலேயே விட்டேன். சத்தமெல்லாம் திரும்பி வந்தது. மரம் அழிந்ததற்குக் காரணம் என்று ஒரு பட்டியல் கீழே இருந்தது: விவசாயம், மரத் தேவை, சாலை, சுரங்கம், தீ, தெரியவில்லை. விவசாயம் என்பதைத் தேர்ந்தெடுத்து, சிவப்புக்குக் கீழே என் பெயரை அடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். மார்லீன் கதவைத் தட்டி உடம்புக்கு என்ன என்று கேட்டார். வயிற்றுவலி என்றேன்.

6

அண்ணனிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று அன்று மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். "இரு, லைன் கெடைக்கற எடத்துக்குப் போயிட்டுக் கூப்புடறேன்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார். கால்மணி நேரத்தில் கூப்பிட்டார். கோட்டை நகர்த்தவில்லை என்று சொன்னேன்.

"ஏன் கண்ணு?" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தக் குரலில் கோபமே இல்லை, ஒன்றும் புரியாதவர் போலக் கேட்டார். "கூடப்பொறந்தவனுக்குப் பத்தடி நவுத்த மாட்டயா?"

அப்போதுதான் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் யாரிடமும், என் கணவரிடமும் சொல்லாததை, கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு சொன்னேன். "நாவ மரத்துல அப்பா வெச்ச கோடாலி அன்னைக்கு விழுந்து கெடந்துச்சுங்கண்ணா. நாந்தான் எடுத்து நிறுத்தினேன். காலேசுக்குப் போற ஆசையில செஞ்சுட்டேன். அதுக்கப்பறம் நடந்ததெல்லாம் என்னாலதான்."

மறுபக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தன மணிக்குப் போனே?" என்றார்.

"வெடியக்காலம். வெளிச்சம் வாரப்ப."

"நான் அதுக்கும் முன்னாடியே போனேன்."

"எங்கீங்க?"

"மரத்துக்குத்தான். நான் போனப்பவும் கெடந்துச்சு. லாரி வாங்கி ஓட்டோணும்னு அப்ப எனக்குப் பித்துப் புடிச்சிருந்துச்சுல்ல. எடுத்து நிறுத்தினேன். ஒரு தட்டக்கல்லு தேடி எடுத்தாந்து காம்புக்கு முட்டுக் குடுத்துட்டுத்தான் வந்தேன். அப்பறம் நீ போயிருக்கே."

அந்தக் கல். நான் கல்லைத் தேடவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது கோடாலிக்குப் பக்கத்திலேயே, கை எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அடியில் புது மண் ஒட்டியிருந்தது. யாரோ வைத்த கல் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

"அப்ப, நீங்க நிறுத்தினதுக்கு அப்பறமும் அது விழுந்துச்சா?"

"நீதான சொல்றே, கெடந்துச்சுன்னு." அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னும் கேளு. அப்பா ஆஸ்பத்திரில கடைசியாக் கெடந்தாரல்லோ, அப்ப எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. ஊருக்கு முன்னாடி ஒத்தையில போனாரே சூடம் பத்த வெக்க, அப்பவும் கோடாலி கீழதான் கெடந்துச்சாம். 'புள்ளைங்க ரெண்டும் ஆசப்பட்டுச்சுடா, அதான் எடுத்து வெச்சுட்டு நிக்குதுன்னு கூப்புட்டேன்'னாரு. நான் செஞ்சத அவருகிட்ட நான் சொல்லல. சொல்லியிருக்கலாம். நிம்மதியாப் போயிருப்பாரு."

சைக்கிள் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று முறை. ஒரே விடியலில் அந்த மரம் மூன்று முறை மாட்டேன் என்று சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவர், மற்றவர் மேல் வைத்த பிரியத்தாலோ தன் மேல் வைத்த பிரியத்தாலோ, குனிந்து எடுத்து நிறுத்தியிருக்கிறோம்.

"அதுக்கப்பறம் ஊர்ல யாரு வெச்சாலும் விழவே இல்லையேங்கண்ணா, அது ஏன்?"

"யாரு கண்டா? எந்த ஊட்டுல யாரு வெடியக்காலம் எந்திரிச்சுப் போனாங்களோ. இல்ல, சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு அதுங்களே உட்டுருச்சோ." பேச்சை மாற்றி, "காபி விஷயத்த நான் ஊர்ல பேசிக்கறேன். வசவு வாங்கறது எனக்குப் புதுசா? நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றார். அவர் அப்படிச் சொன்னாலும் அது லேசில் முடியாது என்று எனக்குத் தெரியும். பதினொரு வீடு. என் தலை தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப்போகிறவர்கள் யார் யார் என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

காற்று அவர் பேச்சை அடித்துக்கொண்டு போனது. காற்றுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் மலையில் சில்வண்டு கத்தாமல் எப்படி என்று யோசித்துக்கொண்டே கேட்டேன். "எங்கங்கண்ணா நிக்கறீங்க? காத்து இந்த அடி அடிக்குது."

"வேற எங்க? நாவ மரம் நின்ன எடத்துலதான்."

"அங்க என்னங்கண்ணா பண்றீங்க?"

"ஊட்டுல ஏது சிக்னலு? ஊர்லயே டவர் எட்டறது இந்த ஒரு எடத்துலதான். பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவுல மரம் போயிப் பொளந்துக்கிட்டு நிக்குதே, அதுக்குள்ளாறதான் வருது. நீ சீமைக்குப் போன நாள்ல இருந்து நான் இங்க நின்னுதான் கண்ணு உன்கிட்டப் பேசறேன். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. இனியா பிறந்தபோது அவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்திச் சிரித்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அப்பா கடைசியாக என் பெயரைச் சொன்னது, அம்மா போய்விட்டாள் என்று அண்ணன் சொன்னது, இத்தனை வருடம் ஊரிலிருந்து எனக்கு வந்த ஒவ்வொரு சொல்லும் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்திருக்கிறது.

"கேக்குதா கண்ணு?" என்றார் அண்ணன். "லைன்ல இருக்கயா?"

"கேக்குதுங்கண்ணா" என்றேன். நன்றாகத்தான் கேட்டது.